வறட்சியில் வாயில்லா ஜீவன்களின் ஹக்கு



கத்திரி வெயில் நெருங்குகிறது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்ததை நம் பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு மேட்டூர் அணையை ஜூன் 12-க்குப் பதிலாக அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். வடவாற்றை நம்பியிருக்கும் வீராணம் ஏரி வறண்டது. அப்படிப்பட்ட காலத்தில் வைக்கோல் வாங்க முடியாதவர் கறவை மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

மழை பொய்த்தால் நாம் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம். அதற்கு ஆடு மாடுகளையும் ஓட்டிவருவது விரும்பத்தக்கது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் இருப்பது பலருக்குத் தெரியாது. ஜகாத்தைத் தடுத்துக்கொள்ளும் சமுதாயத்துக்கு மழை தடுக்கப்படும், கால்நடைகள் இல்லையென்றால் அவர்களுக்கு மழையே இருக்காது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. யாருடைய பொருட்டால் நமக்கு மழை கிடைக்கிறதோ, அவற்றின் தாகத்தை நாம் எப்படி நடத்துகிறோம்?

மிஞ்சிய தண்ணீரைத் தடுத்து, அதன் மூலம் மேய்ச்சலைத் தடுக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கிணற்றைச் சுற்றிப் புல் இருக்கும். தண்ணீர் இல்லாமல் அங்கே யாரும் மேய்க்க முடியாது. கிணற்றுக்காரர் தண்ணீரை மறுத்தால் புல்லையும் மறுத்தவர் ஆகிறார். இன்று அந்தக் கிணறு உங்கள் போர்வெல். அறுவடை முடிந்த தரிசில் பத்து ஆடு மேய்க்கும் ஏழைப் பெண் ஒரு வாளி கேட்கிறார். பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லை. நீங்கள் மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்கு வருகிறீர்கள்! பிறருடைய பயிருக்குத் தண்ணீர் தருவது உங்கள் மீது கடமையில்லை; மிஞ்சியதைக் கால்நடைக்குத் தருவது கடமை, அதற்குக் காசு வாங்கவும் கூடாது என்பது ஷாஃபிஈ இமாம்களின் சட்டம். அது யாருடைய ஆடு, எந்த மதத்தவருடையது என்ற கேள்வியே இங்கு இல்லை.

நம் வீட்டுத் தொழுவத்துக்கு வருவோம். கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். தொட்டியை நிழலில் வையுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. உச்சி வெயிலில் தீனி போட்டால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும். ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் தீனி வைத்தால் போதும். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். பானைத் தண்ணீரை மதியத்தில் மாற்றி ஊற்றுங்கள்.

விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், வெட்டிய பின் தழைக்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு இருக்கும். பூக்கும் முன் அதில் மாட்டை விடாதீர்கள். மேய்ந்த மாடு மூச்சுத் திணறினால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்; தாமதித்தால் பிழைக்காது.

தீவனம் போடவே வழியில்லை என்றால்? மேய்ச்சல் உள்ள இடத்துக்கு ஓட்ட வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது உண்ணத்தக்கதை அறுக்க வேண்டும். மறுப்பவரைக் காஜி கட்டாயப்படுத்துவார் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபியில் இமாம் அபூ யூசுஃப் அவர்களின் கருத்தும் அதுவே. பால் வற்றிய மாட்டைக் கடலூர்–சிதம்பரம் சாலையில் அவிழ்த்துவிடுவது இந்த மூன்றில் எதிலும் சேராது.

பால் விஷயத்திலும் சட்டம் உண்டு. கன்றுக்குப் போக மிஞ்சியதைத்தான் கறக்கலாம். தீவனக் குறைவால் கறப்பது மாட்டுக்கே தீங்கு தருமானால் கறப்பது ஹராம், சொசைட்டியில் ஊற்றும் அளவு குறைந்தாலும் சரியே.