200 பார் அடைச்சும் முதல் பெல்லட் ஏன் மெதுவா போச்சு?

போன எபிசோடில் நான் ஏர் ரைஃபிள் வாங்கின கதையைச் சொன்னதும், "பிரஷர் எவ்வளவு, பவர் எவ்வளவு?" என்று சிலர் கேட்டிருந்தீங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு நானும் நினைச்சேன். இங்கிலாந்தில் அந்த நினைப்பு உங்களைக் கோர்ட் வரைக்கும் கொண்டு போகலாம்.

என்னுடையது பழைய பிசிபி. டேங்கில் முன்கூட்டியே காற்றை அடைச்சு வைக்கிற ரகம். கிளப்பில் 200 பார் அடைச்சு, வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் வழியா சுட்டேன். 4.5 மில்லிமீட்டர் பெல்லட், எடை 8.44 கிரெய்ன், அதாவது அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல. நொடிக்கு 742 அடி வந்தது. அடுத்தது 745. ஃபுல் டேங்கில் இவ்வளவுதானா? ஹேமர் ஸ்பிரிங்கை முறுக்க ஆலன் கீயை எடுத்துட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "முதல்ல டேங்க் இறங்குற வரைக்கும் சுட்டுப் பாரு" என்றார்.

சுட்டேன். காற்று குறையக் குறைய வேகம் கூடிச்சு! பன்னிரண்டாவது 786. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு, முப்பதாவதில் 750க்கு இறங்கிச்சு.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். 200 பார் காற்று அந்தச் சின்ன பெல்லட்டைத் தள்ளுவது சுமார் 318 நியூட்டன். 40 சென்டிமீட்டர் குழல் முழுக்க அதே தள்ளு இருந்தா 127 ஜூல் வரணும். எனக்கு வந்தது 14லிருந்து 16 ஜூல்தான். காரணம், வால்வ் ஒரு கணம்தான் திறக்குது. டேங்க் காற்றில் துளிதான் வெளியே வருது. ஆக, பவரைத் தீர்மானிப்பது அந்தத் துளியின் அளவு. டேங்க் மீட்டரை மட்டும் பார்க்கிறது, கிகாஹெர்ட்ஸ் பார்த்து லேப்டாப் வாங்குற மாதிரி.

வால்வை மூடி வைத்திருப்பதே டேங்க் காற்றுதான், விமானக் கதவு மாதிரி. ஹேமர் ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தில்தான் அடிக்குது. 200 பாரில் கதவு லேசாத் திறந்து பட்டுனு மூடிடும். பிரஷர் இறங்கினா இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். அழுத்தம் குறைவு, நேரம் அதிகம். நடுவில் ரெண்டும் ஈடுகட்டுது. அதுக்கும் கீழே போனா தள்ள காற்றே போதாது. ரெகுலேட்டர் உள்ள மாடல்களில் இந்த மேடு பள்ளம் ரொம்பக் குறைவு. டேங்கில் என்ன இருந்தாலும் வால்வுக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் ஒரே பிரஷர்தான். குழல் நீளமும் முக்கியம்: குட்டை ரைஃபிளில் அதே பவருக்குக் கூடுதல் காற்று செலவாகும்.

இப்போ கோர்ட் விஷயம். இங்கே ஏர் ரைஃபிள் 12 ஃபுட்-பவுண்டைத் தாண்டினா ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட் வேணும். என் பெல்லட்டுக்கு அந்த எல்லை நொடிக்கு 800 அடி. முதல் ரெண்டு ஷாட்டை நம்பி ஸ்பிரிங்கை முறுக்கியிருந்தா, பன்னிரண்டாவது ஷாட் 800ஐத் தாண்டியிருக்கும்னுதான் நினைக்கிறேன். நான் பாட்டுக்குச் சந்தோஷமா வீட்டுக்கு வந்திருப்பேன்!

இன்னொண்ணு. பிசிபியில் கனமான பெல்லட் குழலுக்குள்ள அதிக நேரம் இருப்பதால் பொதுவா அதிக எனர்ஜி எடுத்துக்கும். அடுத்த சனிக்கிழமை 10.34 கிரெய்ன் போட்டு டேங்க் முழுக்க மறுபடி அளக்கப் போறேன். அதுக்கு எல்லை 800 இல்ல, சுமார் 723.