வினைக்கு முன்னால் பாருங்கள்: ஆங்கில வாக்கியப் பிழை தவிர்க்க 15 குறிப்புகள்

பிள்ளைகளுக்கு ஆங்கில வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போதும், பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ நாலு வரி எழுதும்போதும் கைகொடுக்கும் குறிப்புகள் இவை. தமிழ் வினைச்சொல் யார் செய்தார், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதையெல்லாம் தன் விகுதியிலேயே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையில் பெரும்பகுதியை வினைக்கு முன்னால் வரும் மாற்றுப்பெயரும் இணைப்புச்சொல்லும் பார்க்கின்றன. நாம் தடுமாறுவதும் அங்கேதான்.

1. மாற்றுப்பெயரை விழுங்காதீர்கள். 'வந்தேன்' என்றாலே வந்தது நான் என்று புரியும். 'கேம்' என்றால் யார் வந்தது என்று தெரியாது. 'ஐ கேம்' என்றே சொல்ல வேண்டும். 'கம்', 'சிட்' போன்ற கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2. மழைக்கும் மணிக்கும் 'இட்' வேண்டும். 'இட் இஸ் ரெய்னிங்', 'இட் இஸ் டென் ஓ கிளாக்' என்பவற்றில் 'இட்' எந்தப் பொருளையும் சுட்டவில்லை. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதற்காகவே அது வருகிறது.

3. ஹி, ஷி, இட் மூன்றுக்கும் நிகழ்காலத்தில் வினையோடு 'ஸ்' சேரும்: 'ஷி ஈட்ஸ்'. ஐ, யூ, வி, தே வந்தால் 'ஈட்' மட்டும். பெயர்ச்சொல் வந்து குழப்பினால் அதற்குரிய மாற்றுப்பெயரைப் போட்டுப் பாருங்கள். 'மை மதர்' என்றால் 'ஷி'. ஆகவே 'மை மதர் ஈட்ஸ்'. இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எல்லோருக்கும் 'ஏட்' ஒன்றுதான். 'வாஸ்', 'வெர்' இரண்டையும் மட்டும் ஆள் பார்த்துப் போட வேண்டும்.

4. 'டஸ்', 'டிட்' வந்துவிட்டால் அடுத்து வரும் வினை மாறாது. காலத்தையும் ஆளையும் அவையே காட்டிவிடுகின்றன. 'டஸ் ஷி நோஸ்' தவறு, 'டஸ் ஷி நோ' சரி. 'டிட் யூ வென்ட்' தவறு, 'டிட் யூ கோ' சரி.

5. எதிரில் இருப்பவர் ஒருவரே ஆனாலும் 'யூ ஆர்', 'யூ வெர்' என்றே சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க 'தவ்', பலரை அழைக்க 'யூ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. மரியாதைக்காக ஒருவரையே 'யூ' என்பது பரவி, 17ஆம் நூற்றாண்டில் பொதுப்பேச்சிலிருந்து 'தவ்' பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. 'நீங்கள் வருகிறீர்கள்' என்று ஒருவரிடம் நாம் பன்மையில் பேசுவதும் இதே முறைதான்.

6. 'எவ்ரிஒன்', 'ஈச்', 'நோபடி' எல்லாம் ஒருமை. 'எல்லோரும் வந்திருக்கிறார்கள்' என்ற பன்மையை மனத்தில் வைத்து 'எவ்ரிஒன் ஹாவ் கம்' என்று எழுதிவிடுகிறோம். 'எவ்ரிஒன் ஹாஸ் கம்' என்பதே சரி. 'ஒன் ஆஃப் மை சிஸ்டர்ஸ்' என்றாலும் ஆள் ஒருத்திதான்: 'லிவ்ஸ் இன் மதுரை'.

7. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'தே' எனலாம். 'யாரோ குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்' என்பதை 'சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா' என்று எழுதலாம். இந்த வழக்கு 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் உண்டு. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் ஆண்டின் சொல்லாக 'தே'யைத் தேர்ந்தெடுத்தது. ஒருவரைக் குறித்தாலும் வினை 'தே ஆர்' என்று பன்மையில்தான் வரும்.

8. 'அண்ட்' இரண்டு பேரைச் சேர்த்தால் வினை பன்மை: 'ஹி அண்ட் ஐ ஆர் கமிங்'. பக்கத்தில் 'ஐ' இருக்கிறதே என்று 'ஆம்' போடக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஒரே பண்டம் என்றால் ஒருமை: 'பிரெட் அண்ட் பட்டர் இஸ் மை பிரேக்ஃபாஸ்ட்'.

9. 'ஐ' போடுவதா 'மீ' போடுவதா என்ற சந்தேகம் வந்தால் மற்றவரை நீக்கிவிட்டுப் படியுங்கள். 'மை சிஸ்டர் அண்ட் மீ வென்ட்' என்பதில் அக்காவை எடுத்தால் 'மீ வென்ட்' என்று உதைக்கும். ஆகவே 'மை சிஸ்டர் அண்ட் ஐ வென்ட்'. 'ஹி கால்ட் மை சிஸ்டர் அண்ட் மீ' என்பதில் 'ஹி கால்ட் மீ' சரியாக ஒலிக்கிறது, அப்படியே விடலாம். மற்றவரை முன்னால் சொல்லிவிட்டுத் தன்னைக் கடைசியில் வைப்பது மரபு.

10. 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' இரண்டும் 'அண்ட்' போலத் தெரிந்தாலும் வினையைப் பன்மையாக்குவதில்லை. 'த டீச்சர், அலாங் வித் த ஸ்டூடண்ட்ஸ், இஸ் கமிங்' என்பதில் வினை ஆசிரியர் ஒருவரையே பார்க்கிறது. 'நெய்தர்... நார்' வந்தால் வினைக்கு அருகில் இருப்பவரைப் பாருங்கள்: 'நெய்தர் மை பிரதர்ஸ் நார் மை ஃபாதர் ஈட்ஸ் ஃபிஷ்'. இடம் மாற்றி அண்ணன்மாரைக் கடைசியில் வைத்தால் 'ஈட்'.

11. இரண்டு துண்டுகளை இணைக்க ஒரு இணைப்புச்சொல் போதும். 'மழை பெய்தாலும், ஆனாலும் போனேன்' என்று பேச்சில் அழுத்திச் சொல்லும் பழக்கம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டு 'ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் ஐ வென்ட்' ஆகிறது. 'ஆல்தோ' இருந்தால் 'பட்' வேண்டாம். 'பிகாஸ்' இருந்தால் 'ஸோ' வேண்டாம்.

12. 'இஃப்', 'வென்', 'அன்டில்' தொடங்கும் துண்டில் எதிர்காலத்துக்காக 'வில்' போடாதீர்கள். 'இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வி வில் ஸ்டே அட் ஹோம்' என்பதில் 'வில்' இரண்டாம் துண்டில் மட்டும் வருகிறது. 'நாளை மழை பெய்தால்' என்று சொல்லும்போது நாமும் 'பெய்தால்' என்பதில் எதிர்காலத்தைக் காட்டுவதில்லை. 'அன்லெஸ்' என்பதற்குள்ளேயே 'இல்லாவிட்டால்' அடங்கியிருக்கிறது. 'படிக்காவிட்டால்' என்பதற்கு 'அன்லெஸ் யூ ஸ்டடி' போதும். 'டோன்ட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

13. வினையெச்சங்களைப் பிரித்து எழுதப் பழகுங்கள். 'எழுந்து, பல் துலக்கி, காபி குடித்தான்' என்பதில் காலம் காட்டுவது கடைசி வினை மட்டுமே. ஆங்கிலத்தில் இவற்றை 'அண்ட்' போட்டுக் கோத்தால் மூன்று வினையும் காலம் காட்ட வேண்டும்: 'ஹி வோக் அப், பிரஷ்ட் ஹிஸ் டீத் அண்ட் டிராங்க் காஃபி'. செய்பவர் ஒருவரே என்பதால் 'ஹி' ஒருமுறை வந்தால் போதும். ஆள் மாறினால் புது மாற்றுப்பெயர் வேண்டும்: 'ஐ குக்ட் அண்ட் தே ஏட்'.

14. கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்கும்போது வரிசையைத் திருப்புங்கள். தனிக் கேள்வி என்றால் 'வேர் இஸ் ஹி'. 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்றால் 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்'. 'இல்லையா' என்று முடிக்கும் இடங்களிலும் கவனம் தேவை. தமிழில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் முன்னால் வந்த ஆளும் வினையும் திரும்ப வர வேண்டும்: 'யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ', 'ஷி சிங்ஸ், டஸன்ட் ஷி'. எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போடும் பழக்கத்தைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும்.

15. எழுதி முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு வினைக்கும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அந்த வினைக்கு உரியவர் யார்? வினை அவரோடு பொருந்துகிறதா? துண்டுகளை இணைப்பது எது, ஒன்றா இரண்டா? இந்த மூன்று கேள்விகளையும் பிள்ளையே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் திருத்திக் கொடுப்பதைவிட இதில் அதிகம் கற்றுக்கொள்வார்கள். மேலும் பயிற்சி வேண்டுமென்றால் ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985இல் முதலில் வெளியான 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' வீட்டில் இருக்கலாம். இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் பயிற்சியும் இருப்பதால், ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் செய்யலாம்.