டிக்கெட் விலை தெரியும், டூர் விலை தெரியுமா?

ஏப்ரல் பிறந்தால் புளியங்குடியில் இரண்டு விலைகள் பேச்சில் அடிபடும். மார்க்கெட்டில் எலுமிச்சங்காய் கிலோ எவ்வளவுக்குப் போகிறது என்பது ஒன்று. பிள்ளைகள் செல்போனில் தேடிப்பிடித்துச் சொல்லும் தீம் பார்க் டிக்கெட் விலை இன்னொன்று. கொச்சி பள்ளிக்கரையில் 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்து, பிறகு வொண்டர்லா ஆன பூங்காவும் மதுரை பரவையில் இருக்கும் அதிசயமும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய பெயர்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கத்து இள்ளலூரிலும் வொண்டர்லா திறந்துவிட்டதால், இப்போது சென்னையும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆசை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதற்குப் பணம் சேர்ப்பது பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகளைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“டிக்கெட்டு ஆயிரத்து ஐநூறு. நாலு பேருக்கு ஆறாயிரம். அம்புட்டுத்தான அண்ணாச்சி?”

அம்புட்டு இல்லை. கணக்குக்காகத் தலைக்கு 1,500 என்றே வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கொச்சிப் பயணம். டிக்கெட் 6,000. ரயிலில் போய்வர 2,000. ஓர் இரவு அறைக்கு 2,000. இரண்டு நாள் சாப்பாடு 3,000. ஆட்டோ, பஸ் 1,500. லாக்கர், தண்ணீரில் இறங்குவதற்கான நைலான் உடை என்று 1,000. பிள்ளைகள் கேட்டு வாங்கும் தொப்பி, பொம்மை, ஐஸ்கிரீம் 1,500. கூட்டினால் 17,000 ரூபாய். வாசலில் கொடுத்த பணம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இவையெல்லாம் நான் போட்ட உத்தேசக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு எண்கள் மாறலாம், விகிதம் அவ்வளவாக மாறாது. பெரும்பாலான பூங்காக்களில் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. புளிச்சோற்றுப் பொட்டலத்தை நம்பிப் போனவர்கள் அதை வாசலுக்கு வெளியிலேயே தின்று தீர்க்க வேண்டியதுதான்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போகிறோம். ராட்டினத்துக்கு ஒரு காசு, டிராகன் ரயிலுக்கு ஒரு காசு. ஒவ்வொரு தடவையும் கை பைக்குள் போவதால், எவ்வளவு கரைந்தது என்று அப்பாவுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1955-ல் டிஸ்னிலேண்ட் தொடங்கியபோதும் இதே முறைதான்: வாசலுக்கு ஒரு சிறு கட்டணம், ரைடுகளுக்குத் தனித்தனிச் சீட்டு. 1982-ல்தான் அந்தச் சீட்டுகளை ஒழித்து, ஒரே கட்டணத்தில் எல்லா ரைடும் என்று மாற்றினார்கள். நம் ஊர்ப் பெரிய பூங்காக்களும் அந்த வழியில்தான் நடக்கின்றன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாசலில் மொத்தமாகக் கொடுத்த பிறகு, ‘செலவு முடிந்தது’ என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது. டிக்கெட்டுக்கு மேல் ஆகும் 11,000 ரூபாய் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

இன்னொரு விஷயம், பூங்காவில் குழந்தை டிக்கெட்டைப் பெரும்பாலும் வயதைப் பார்த்துத் தருவதில்லை, உயரத்தைப் பார்த்துத் தருகிறார்கள். ரயிலில் வயதுதான் கணக்கு: 5 வயதுக்குள் இலவசம், 5 முதல் 12 வரை தனி பெர்த் கேட்டால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். ஆறாம் வகுப்புப் பையன் வளர்த்தியாக இருந்தால் பூங்காவில் பெரியவர் டிக்கெட் கேட்பார்கள். சின்னவனுக்கோ டிக்கெட் எடுத்தாலும் பெரிய ரைடுகளில் உயரம் போதாதென்று ஏற்றமாட்டார்கள். வீட்டில் நாலு வயதுப் பிள்ளைதான் இருக்கிறது என்றால், இரண்டு வருஷம் பொறுத்துப் போவது பணத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

“சென்னை நம்ம ஸ்டேட்டு. கொச்சிய விடச் செலவு கம்மியாத்தான் வரும்.”

மாநில எல்லைக்கும் பயணச் செலவுக்கும் சம்பந்தமில்லை. தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல், கொச்சி அதில் பாதிகூட இல்லை. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை அகலப்பாதையாகி 2018-ல் திறந்த பிறகு, பாலருவி எக்ஸ்பிரஸில் தென்காசியில் ஏறித் தூங்கினால் காலையில் எர்ணாகுளம் டவுன், ஆலுவா. அந்த வண்டி தென்காசிக்கு நள்ளிரவு தாண்டித்தான் வருகிறது. எனவே டிக்கெட் போடும்போது தேதியில் கவனம் வேண்டும், வெள்ளி இரவு கிளம்புகிறவர் சனிக்கிழமைத் தேதிக்கு எடுக்க வேண்டும். திரும்பும் வண்டி சாயங்காலமே ஆலுவாவைத் தாண்டிவிடும். அன்றைக்கே திரும்ப நினைத்தால் பூங்காவில் பாதி நாள் வீண், அதனால்தான் மேலே அறைக்கு 2,000 போட்டேன். அறை வாடகையில் ஓர் ஆறுதல்: 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது.

சென்னைக்கே போவதென்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை போகாதீர்கள். செங்கல்பட்டில் இறங்கினால் திருப்போரூர் பக்கம். முதல் தடவை போகிற குடும்பத்துக்கு, பணம் இறுக்கமாக இருந்தால், நான் மதுரையைத்தான் சொல்வேன். காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பலாம், அறைச் செலவே கிடையாது.

“மாசாமாசம் ஒரு தொகை எடுத்து வச்சாத்தான் சேமிப்பு.”

இருப்பதிலேயே பெரிய நம்பிக்கை இதுதான், நம் ஊருக்குக் கொஞ்சமும் ஒட்டாததும் இதுதான். வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு என்று ஒரு சூத்திரம் எல்லாப் பண ஆலோசனை வீடியோவிலும் வரும். எலிசபெத் வாரன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பின்னாளில் செனட்டர் ஆனவர், தன் மகளோடு சேர்ந்து 2005-ல் எழுதிய புத்தகத்தால் பரவியது அது. மாதம் பிறந்தால் கணக்கில் சம்பளம் விழும் வீட்டுக்கு அது சரி.

புளியங்குடியில் எத்தனை வீட்டில் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது? எலுமிச்சைத் தோட்டக்காரருக்கு வருஷத்தின் பணமே கோடையில்தான். 2022 ஏப்ரலில் நாடெங்கும் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய அதே காய், அடைமழைக் காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் கிடப்பதை இந்த ஊர் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறது. 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் ஐப்பசி மாதத்து விலையை அது தாங்கிப் பிடிக்காது. பீடி சுற்றும் வீட்டிலும் தறி ஓட்டும் வீட்டிலும் பணம் வாரக்கணக்கில் வரும், வேலை இல்லாத வாரத்தில் வராது. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீட்டில் பணம் மாதாமாதம் வந்தாலும், டூர் என்பது அவர் லீவில் வரும் மாதத்தில்தான்.

இவர்கள் எல்லோரிடமும் போய் ‘மாதம் 2,000 எடுத்து வை’ என்றால், மூன்றாவது மாதம் தவறும். தவறியதும், ‘நமக்கெல்லாம் சேமிப்பு சரிப்படாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். குறை அவர்களிடம் இல்லை. மேலே போட்ட 17,000-த்தோடு கைக்காவலுக்கும் சேர்த்து 20,000 என்று வைத்துக்கொள்வோம். தோட்டக்காரர் அந்த 20,000 ரூபாயை ஏப்ரல், மே இரண்டு மாதத்தில், நல்ல விலை கிடைத்த நாலைந்து லோடுகளிலிருந்து எடுத்து வைக்கட்டும், மீதிப் பத்து மாதம் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். பீடி வீட்டுக்கு வாரம் 400 என்றால் 50 வாரத்தில் 20,000. ஆறு வாரம் தவறினாலும் 17,600 நிற்கும், மேலே போட்ட உத்தேசத்துக்கு அது போதும்.

இன்னும் ஒரு யோசனை. எலுமிச்சை விலை ஏறும் மே மாதத்தில்தான் நம் பள்ளிக்கும் விடுமுறை, கேரளப் பள்ளிக்கும் விடுமுறை. பூங்காவில் ஒரு ரைடுக்கு நிற்கிற வரிசையில் ஒரு மணி நேரம் போகும். அந்த வரிசையைத் தாண்ட அதிக விலைக்கு ஒரு தனி டிக்கெட் வேறு விற்பார்கள். தோட்டத்திலும் மார்க்கெட்டிலும் வேலை நெருக்குகிற மாதமும் அதுதான். மே மாதம் டூர் போய்விட்டு, ஜூனில் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட நகையை அடகு வைக்கும் வீடுகள் உண்டு. சம்பாத்தியத்தைக் கோடையில் ஒதுக்கிவைத்து, காலாண்டுப் பரீட்சை முடிந்து வரும் செப்டம்பர் கடைசி வாரத்தில், அதுவும் வார நாளில் போவது எவ்வளவோ மேல். வார நாள் விலையும் பல பூங்காக்களில் குறைவு.

“டீயைக் குறைச்சாலே டூர் போயிரலாம்.”

ஒரு டீ 12 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 4,380. குடிக்காத டீயின் காசு தானாக எங்கும் போய்ச் சேராது. அன்றன்றைக்கு எடுத்து வைக்காவிட்டால் பெட்ரோலிலோ வடையிலோ போய்விடும். தவிர, காய் விலை, வரத்து, எந்த மண்டியில் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் டீக்கடையில்தான் தெரியவரும். தோட்டக்காரர் டீயை விட்டால் நஷ்டம் 12 ரூபாயோடு நிற்காது. வீட்டுக் கணக்கில் உண்மையான ஓட்டை பார்க்க வேண்டுமென்றால் தையிலும் ஆவணியிலும் மொய் நோட்டைப் புரட்டுங்கள்.

“போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.தான் பத்திரம்.”

பத்திரம்தான், மறுக்கவில்லை. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 2023 அக்டோபரில் வட்டியும் 6.7 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. மூன்று வருஷம் கழித்து முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். அடுத்த வருஷ டூருக்கு ஒரு வருஷ வங்கி ஆர்.டி. பொருந்தும், வாரப் பணத்துக்குச் சாதாரணச் சேமிப்புக் கணக்கே போதும். மாதம் 2,000 வீதம் 12 மாதம் கட்டினால் ஆறரை சதவீதத்தில் கிடைக்கும் வட்டி 850 ரூபாய் அளவுதான். இந்த 850-க்காக எந்த வங்கி கால் சதவீதம் கூடத் தருகிறது என்று அலைய வேண்டாம்.

ஏலச்சீட்டு? கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்குக் கடன். 20 பேர், மாதம் 1,000, மொத்தம் 20,000. டூருக்கு அவசரம் என்று 30 சதவீதம் தள்ளி எடுத்தால் கையில் வருவது 14,000. டூர் முடிந்து படங்களும் பழசாகிய பிறகும் தவணை ஓடும். 1982-ம் ஆண்டுச் சீட்டுநிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மாதம் 500 கட்டுங்கள், வருஷக் கடைசியில் வேனில் கூட்டிப்போகிறேன் என்று தெருவில் நோட்டுப் போட்டு வசூலிப்பவரிடம் ‘பதிவு எண் என்ன அண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற பேச்சும் வரும். கிரெடிட் கார்டில் பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கோ ஒளிந்திருக்கும், விட்டுப்போன தள்ளுபடியிலோ செயலாக்கக் கட்டணத்திலோ. நகையை நூற்றுக்கு இரண்டு வட்டியில் வைத்து 20,000 வாங்கினால் வருஷத்துக்கு வட்டி மட்டும் 4,800.

“மாசம் ஆயிரம் ரூவா உரிமைத்தொகை வருதுல்லா, அதைச் சேர்த்தா போதுமே.”

2023 செப்டம்பரிலிருந்து வரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வருஷத்துக்கு 12,000 ஆகிறது, கணக்கு சரி. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த ஆயிரம் சிலிண்டருக்கும் மாத்திரைக்கும் மளிகைப் பாக்கிக்கும் முன்பே போய்விட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை எடுத்து வைத்தால், அந்தச் செலவுக்கு வேறு எங்கிருந்து பணம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“குற்றாலம் சும்மாதானே, காசு கொட்டி எதுக்குப் பார்க்கு?”

அருவி சும்மா. குற்றாலம் சும்மா இல்லை. பார்க்கிங், எண்ணெய்க் குளியல், வழியில் பலாச்சுளையும் மங்குஸ்தானும், திரும்பும்போது பார்டர் கடையில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நடைக்கு 1,500 என்றால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாலு நடையில் 6,000. கேட்டால், ‘இந்த வருஷம் எங்கேயும் போகல’ என்பார்கள். குற்றாலத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, சாரல் காலத்தில் வீட்டுக்குள் உட்காரச் சொல்ல எனக்கு மனசு வராது. அந்த நாலில் ஒன்றைக் கட்டுச்சோற்றோடு முடித்தாலே ஆயிரம் ரூபாய் மிஞ்சும். பூங்காவுக்குக் கொண்டுபோக முடியாத புளிச்சோற்றை ஐந்தருவிப் பக்கம் யாரும் தடுக்கமாட்டார்கள்.

ரயிலில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. செப்டம்பர் 25-ம் தேதிக்குப் போவதென்றால் ஜூலை 27-ல் டிக்கெட் திறக்கும். பள்ளிக்கட்டணம் எல்லாம் முடிந்து, எலுமிச்சை விலையும் இறங்கத் தொடங்கியிருக்கும் நேரம். அன்றைக்கு அந்த 20,000 தனிக் கணக்கில் இருந்தால் டிக்கெட் போடுங்கள். 12,000-தான் இருக்கிறதா? மதுரைக்குப் போங்கள்.