இயற்கை விஞ்ஞானம் பயில எந்நாடு செல்வது?

கலாசாலைப் படிப்பு முடியுந் தறுவாயில் விஞ்ஞான மாணவர் பலர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு: மேற்படிப்பிற்கு எந்நாடு செல்வது? ஒருவர் இங்கிலாந்து என்பார். மற்றொருவர் அமெரிக்கா என்பார். செலவு குறைவெனக் கேட்டு ஜெர்மனி என்பாரும் உளர். இது சிறு வினாவன்று. இளமையின் ஐந்தாறு ஆண்டுகளும், பெற்றோர் நிலத்தை அடகு வைத்துத் தேடிய பொருளும் இதன் விடையைச் சார்ந்து நிற்கின்றன. ஆயினும், நாம் நாட்டை முன்னும் கற்கும் பொருளைப் பின்னும் வைத்து எண்ணத் தொடங்குவதே பிழையென்று தோன்றுகின்றது.

நேரிய முறைக்குச் சென்னை இராஜதானிக் கலாசாலை மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு சான்றாகும். 1928-ல் சென்னைக்கு வந்த ஜெர்மானியப் பேராசிரியர் சாமர்பெல்டைக் கண்டு உரையாடிய அவர், அணுவைப் பற்றிய கொள்கை பழைய பாடநூல்களைக் கடந்து சென்றுவிட்டதென உணர்ந்தார். அப்புதுக் கொள்கையை விண்மீன்களுக்குப் பொருத்திக் கேம்பிரிட்ஜ் அறிஞர் பௌலர் 1926-ல் எழுதிய கட்டுரையைக் கற்றார். தாம் எழுதிய கட்டுரையொன்றை 1929-ல் அவருக்கே அனுப்பினார். அது பௌலர் வாயிலாக இராயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம் பெற்றது. 1930-ல் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றுக் கப்பலேறியபொழுது, தாம் ஆராய வேண்டுவது யாது, ஆசான் யார் என்பவற்றை அவர் முன்னரே அறிந்திருந்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்பதை அக்கப்பற் பயணத்திலேயே கணக்கிட்டார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கென இன்று கொள்ளப்படுகின்றது. 1983-ல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

பொருளும் ஆசானும் துணிந்தபின், வாயில் திறந்துள்ளதா என நோக்குதல் வேண்டும். சென்னைக் கிறிஸ்தவ மகளிர் கல்லூரியில் போதித்துவந்த ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆசிய மகளிர்க்கென ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளத்தைப் பெற்றுத் தாவர நூல் பயின்றார். 1931-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையோ மகளிர்க்கு முழுப் பட்டம் அளிக்கத் தொடங்கியது 1948-ல்தான். ஆகவே நாட்டின் புகழ் ஒன்று. நமக்கு அங்குள்ள இடம் வேறொன்று.

இன்றைய நிலைமையும் அறியத்தக்கது. அமெரிக்காவில் டாக்டர் பட்டத்திற்குப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் செல்லும்; எனினும் விஞ்ஞானத் துறைகள் பலவற்றில், போதனையிலோ ஆராய்ச்சியிலோ உதவும் மாணவர்க்குச் சம்பளம் அளித்துக் கல்விக் கட்டணத்தையும் நீக்குவர். இங்கிலாந்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் போதும். ஆனால் பொருளுதவியைத் தனியே தேட வேண்டியிருக்கும். ஜெர்மனியின் அரசாங்கச் சர்வகலாசாலைகளிற் பெரும்பாலானவை கட்டணம் பெறுவதில்லை. எனினும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணம் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் அரையாண்டிற்கு 1,500 யூரோ வீதம் 2017 முதல் பெற்று வருகின்றது. மேலும், முதற் பட்டப் படிப்பு அங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடைபெறுவதால், மொழியைக் கற்கும் காலத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

சில துறைகள் இடத்தோடு பிணைந்தவை. அணுவின் நுண்துகள்களை ஆராய்வோர் ஜெனீவாவை நாடுவர். வானத்தை நோக்குவோர் சில்லி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள தொலைநோக்கிகளை நாடுவர். பவளப் பாறைகளின் உயிர்களை ஆராய விரும்புவோர்க்கோ மன்னார் வளைகுடா நம் வாயிலிலேயே உளது. இராமன் 1928-ல் தம் பெயர் தாங்கிய ஒளி விளைவைக் கண்டது கல்கத்தாவில் என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின், நண்பர்களே, தேசப்படத்தை விரிக்குமுன் நம் உள்ளத்தைக் கவர்ந்த பொருள்பற்றி அண்மையில் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றைப் பொறுமையுடன் படிப்போம். அவற்றை எழுதியோருள் ஒருவருக்கு, விளங்காத இடத்தைக் குறித்து வினவி ஒரு கடிதம் வரைவோம். அவ்வினா பிறந்த பின்னரே நாடு எதுவென்பது தெளிவாகும். அது பிறவாமுன் எந்நாடு சென்றும் பயனில்லை.