ஸ்டீயரிங்குக்குள் ஒரு குப்பி: கார் நிறுவனம் கூப்பிட்டால் ஏன் போக வேண்டும்?

உங்கள் காரின் ஸ்டீயரிங் நடுவில், ஹார்ன் அடிக்கும் இடத்துக்குப் பின்னால், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் குப்பி இருக்கிறது. காற்றுப்பையை ஊதிப் பெருக்குவது அதுதான். மோதல் நடந்தவுடன், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஏறத்தாழ 30 மில்லிவிநாடியில் பை முழுதாக விரிய வேண்டும். சாதாரணப் பம்புகளால் அந்த வேகத்தில் காற்றடிக்க முடியாது. ஆகவே குப்பிக்குள் எரிமருந்தை மாத்திரைகளாக அழுத்தி வைத்திருக்கிறார்கள். மோதலை உணர்ந்த கருவி ஒரு மின்பொறியை அனுப்புகிறது, மருந்து எரிகிறது, எரிந்து வரும் வாயு பையை நிரப்புகிறது.

மருந்து எரிய வேண்டும், ஆனால் வெடிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் தயாரித்த குப்பிகளில் அந்தக் கோடு அழிந்துபோனது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடிக் குப்பிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. இந்தக் கதையில் மலேசியாவுக்கு ஒரு சோகமான இடம் உண்டு. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி காரை ஓட்டிவந்த ஒரு கர்ப்பிணிப் பெண், வெடித்த குப்பியின் உலோகத் துண்டு பாய்ந்து உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இதனால் நேர்ந்த முதல் மரணம் அதுவே என்று பதிவாகியுள்ளது. அதற்குப் பிறகும் இந்நாட்டில் இதே காரணத்தால் உயிர்கள் போயின.

உப்பு ஜாடியும் எரிமருந்தும்

தக்காத்தா பயன்படுத்திய மருந்து அம்மோனியம் நைட்ரேட். தோட்டங்களில் உரமாகவும், கல் குவாரிகளில் வெடிபொருளாகவும் பயன்படும் அதே பொருள்தான். விலை மலிவு, எரிந்தால் நிறைய வாயு தரும். ஆனால் இதற்கு இரண்டு கெட்ட குணங்கள். முதலாவது, சுமார் 32 பாகை செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறுகிறது. மாறும்போது பருமனும் மாறுகிறது. நம் ஊரில் 32 பாகை என்பது சாதாரண மதிய வெயில். இதைச் சமாளிக்க வேறு உப்புகளைக் கலந்து படிகத்தை ஒரே நிலையில் நிறுத்தி வைத்தார்கள். இரண்டாவது குணத்துக்குத்தான் சரியான மருந்து இல்லை: அது ஈரத்தை இழுக்கும்.

சமையலறை உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் உப்பு கசிந்து கட்டியாகிறது, வெயில் நாளில் காய்ந்து உதிர்கிறது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே போய்விடும். காற்றுப்பைக் குப்பியின் மூடியும் அப்படித்தான். திறந்தவெளியில் நிறுத்திய காரின் உட்புறம் பகலில் 50, 60 பாகைக்குச் சூடேறுகிறது. மாலை மழையில் குளிர்கிறது. மறுநாள் மீண்டும் சூடு. ஈரம் மருந்துக்குள் புகுவதும் வெளியேறுவதுமாக ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது, இறுக்கமாக அழுத்திய மாத்திரை சிறிது சிறிதாக உப்பி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுந்து, கடற்பஞ்சு போலாகிவிடுகிறது.

விறகுக்கட்டை மெதுவாக எரியும். அதையே சீவல் சீவலாகச் செதுக்கிப் போட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும். நெருப்புப் படும் பரப்பு கூடிவிடுவதே காரணம். துளை விழுந்த மாத்திரையும் அப்படித்தான் எரிகிறது. குப்பி தாங்கும் அளவைவிட வேகமாக வாயு பெருகுகிறது. எஃகுச் சுவர் கிழிந்து, துண்டுகள் பையைத் துளைத்து ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன. காப்பாற்ற வேண்டிய பொருளே கைக்குண்டாகிறது.

பத்து கார் நிறுவனங்கள் சேர்ந்து அமர்த்திய ஆய்வுக்குழு 2016 பிப்ரவரியில் மூன்று காரணங்களைச் சொன்னது: ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை முழுதாகத் தடுக்காத குப்பி வடிவமைப்பு, நீண்ட காலம் மாறி மாறி வரும் வெப்பமும் ஈரப்பதமும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் வெடிப்பு. முதல் இரண்டும் தொழிற்சாலையின் பொறுப்பு. மூன்றாவது நம் வானிலை. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆணையம் ஃபுளோரிடா, ஹவாய், புவர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளைத் தனி மண்டலமாகப் பிரித்து அங்குள்ள கார்களுக்கு முன்னுரிமை தந்தது. நமக்கு ஆண்டின் பன்னிரண்டு மாதமும் அந்த மண்டலம்தான்.

இன்னொரு தகவல். 2001 முதல் 2003 வரை தயாரான சில ஹோண்டா கார்களின் குப்பிகளைச் சோதித்தபோது, மோதலில் அவை வெடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை இருப்பதாக அந்த ஆணையம் 2016இல் அறிவித்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். இதில் தொழில்நுட்பக் கோளாறு மட்டுமல்ல, பொய்யும் கலந்திருந்தது. சோதனை முடிவுகளைத் திருத்திக் காட்டியதை 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தக்காத்தா ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு திவாலானது.

“கார் நல்லாத்தானே ஓடுது?”

ரீகால் பற்றிப் பேச்செடுத்தால் பலர் சொல்லும் பதில் இது. மோசமான குப்பி எந்த அடையாளமும் காட்டாது. டேஷ்போர்டில் விளக்கு எரியாது, சத்தம் வராது, எண்ணெய் ஒழுகாது. மின்சுற்று சரியாக இருக்கும்வரை காரின் கணினிக்கு எல்லாம் நலமே. மருந்தின் நிலையைக் கணினியால் பார்க்க முடியாது. நன்றாக ஓடுவது இங்கே எதற்கும் சான்றாகாது.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் டொயோட்டாவும் ஹோண்டாவும் எரிபொருள் பம்புக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததும் ஏறக்குறைய இதே கதைதான். பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி உப்பி, சுவரில் உராய்ந்து நின்றுபோகக்கூடும். அன்றுவரை நன்றாக ஓடிய கார் நெடுஞ்சாலை நடுவில் இயந்திரம் அணைந்து நிற்கும்.

ரீகால் என்பது காரோடு ஒட்டியது, உங்களோடு அல்ல. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், வெளிப் பட்டறையிலேயே சர்வீஸ் செய்துவந்தாலும், நீங்கள் நான்காவது உரிமையாளராக இருந்தாலும், காற்றுப்பை மாற்றுவதற்குக் காசு இல்லை. ஆனால் கடிதம் போவது நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. புதிதாக வாங்கியவர் விற்று, அவர் வேறொருவருக்கு விற்று, மூன்றாவதாகக் கார் உங்கள் மகன் கல்லூரிக்குப் போக வந்திருந்தால், அந்தக் கடிதம் எந்த வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கிறதோ! ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

காரின் சேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வாகன கிராண்டில் இருக்கும். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ பொறித்திருக்கும். பொதுவாக 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. அதில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்றும் பூஜ்யமும் என்று குழம்பாதிருக்க அந்த ஏற்பாடு. நிறுவனத்தின் மலேசிய இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் நிலுவையிலுள்ள ரீகால் தெரியும். முடியாவிட்டால் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவற்றின் சேசி எண் குட்டையாக இருக்கும். இங்குள்ள விநியோகிப்பாளரின் பதிவேட்டில் சில வேளை இராது. அந்த நிறுவனத்தின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் தேட வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் கைப்பேசியின் மொழிபெயர்ப்பு போதும்.

“ஏற்கெனவே மாற்றியாச்சு” என்பவர்களும் ஒருமுறை பாருங்கள். ஓட்டுநர் பக்கமும் பயணி பக்கமும் தனித்தனி ரீகாலாக வந்ததுண்டு. உதிரிப் பாகம் போதாத காலத்தில் சில கார்களுக்கு அதே வகைப் புதிய குப்பியைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள்; அதை மீண்டும் மாற்ற வேண்டும்.

ரீகால் வேறு, புல்லட்டின் வேறு

சேவை மையத்தில் குழப்பம் தரும் இன்னொரு சொல் ‘சர்வீஸ் புல்லட்டின்’. இது கார் நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்கு அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்பு. “இந்த மாடலில் குளிர்ந்த நிலையில் கியர் நடுங்குவதாகப் புகார் வந்தால், முதலில் மென்பொருளைப் புதுப்பிக்கவும், தீராவிட்டால் இந்தப் பாகத்தை மாற்றவும்” என்ற வகையில் இருக்கும். உயிருக்கு ஆபத்தான குறை என்று நிறுவனம் ஒப்புக்கொள்வது ரீகால்; அடிக்கடி வரும் தொல்லையை இப்படித் தீர்க்கலாம் என்று சொல்லிக்கொடுப்பது புல்லட்டின். அதனால் புல்லட்டின் வேலைக்கு உத்தரவாதக் காலத்துக்குள் இலவசம், வெளியே போனால் பெரும்பாலும் உங்கள் பணம்.

இங்கேதான் தேதி முக்கியமாகிறது. உத்தரவாதம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது நீங்கள் ஒரு சத்தத்தைச் சொல்கிறீர்கள். முகப்பில் இருப்பவர் “தாக் அப்பா, இது நார்மல்” என்று அனுப்பிவிடுகிறார். ஓராண்டு கழித்து அதே சத்தத்துக்குப் புல்லட்டின் வருகிறது. அன்று நீங்கள் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் இலவசமாகக் கேட்க வழியுண்டு. இல்லாவிட்டால் பேச்சு காற்றோடு போச்சு.

ஆகவே சேவை ஆலோசகரிடம் பேசும்போது, நோயைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். “கியர்பாக்ஸ் போயிடுச்சு” என்றால் அவர் கியர்பாக்ஸைப் பார்த்து ஒன்றுமில்லை என்பார். “காலையில் முதல் பத்து நிமிடம், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், மெதுவாக எண்ணெய் மிதித்தால் நடுங்குகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது” என்றால் மெக்கானிக்குக்குத் தேட ஓர் இடம் கிடைக்கும். சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து காட்டலாம். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். நீங்கள் சொன்னதை ஜாப் ஷீட்டில் அப்படியே எழுதச் சொல்லி, பிறகே கையெழுத்துப் போடுங்கள். “சோதித்தோம், குறை தெரியவில்லை” என்றாலும் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். “இந்த மாடலுக்கு இந்தப் பிரச்சினைக்குப் புல்லட்டின் ஏதும் இருக்கிறதா, கணினியில் பாருங்கள்” என்று கேட்பதில் தவறே இல்லை. முகப்பில் நிற்பவர் குறையை உண்டாக்கியவர் அல்ல என்பதால் குரலை உயர்த்திப் பயனில்லை. தாள் கேட்பது அதைவிட வேலை செய்யும்.

ரீகாலுக்குப் போன இடத்தில் “கூடவே பிரேக் பேட், இயந்திரம் கழுவுதல் எல்லாம் செய்துவிடலாமா?” என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ரீகால் வேலை அதைப் பொறுத்ததல்ல. பாகம் கையிருப்பில் இல்லை என்றால், எப்போது வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். குறை பயணி பக்கத்துக் காற்றுப்பையில் என்றால், அதுவரை முன் இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஓட்டுநர் பக்கம் என்றால் அந்தக் காரை எடுக்காமல் இருப்பதே நல்லது. மாற்றுக் கார் கிடைக்குமா என்று கேளுங்கள். காசு கொடுத்த வேலையில் தகராறு முற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டிப் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. அங்கேயும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

விபத்தில் விரிந்த காற்றுப்பைக்குப் பதிலாக ஹாஃப்கட் கடையில் மலிவாக ஒன்றை வாங்கிப் பொருத்தும் பழக்கமும் இங்கே உண்டு. அந்தப் பை எந்தக் காரிலிருந்து வந்தது, எத்தனை ஆண்டு எந்த வெயிலில் கிடந்தது, குப்பி யார் தயாரித்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. அது வேறொரு காரின் பாகம் என்பதால், உங்கள் சேசி எண்ணைத் தட்டினாலும் அதன் ரீகால் காட்டாது. பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முன்பு காற்றுப்பை விரிந்ததுண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், புதுப் பாகம் போட்டதற்கான ரசீதைக் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.