எந்தப் பாத்திமா?

பாடசாலை நூலகத்தின் இரவல் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாணவிகளுக்கு ஓர் அட்டவணை, இரவல் போன நூல்களுக்கு இன்னொன்று. மாணவி ஒருவருக்கு ஒரு நிரை. "பாத்திமா நூலைத் திருப்பித் தரவில்லை" என்று பதிந்தால், எந்தப் பாத்திமா? நமது கல்லூரியில் இது சின்னக் கேள்வியல்ல.

"மேலிருந்து பத்தாவது நிரை" என்றும் சொல்ல முடியாது. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கொட் தொடர்புத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டபோது, நிரைகளின் வரிசைக்குப் பொருள் எதுவும் இல்லை என்றே வகுத்தார். ஆகவே அடையாளம் நிரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுதான் முதன்மைச் சாவி. அது வெறுமையாக இருக்கக் கூடாது. இன்னொரு நிரையில் திரும்பவும் வரக் கூடாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் போதுமே என்று பலருக்கும் தோன்றும். கீழ் வகுப்புப் பிள்ளைகளிடம் அது இல்லை. அதன் வடிவமும் நிலையாக நிற்கவில்லை: 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது, 2016இலிருந்து 12 இலக்கங்களானது. அத்துடன் பிறந்த ஆண்டும், அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதற்குள் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படுகிறது. நூல் இரவல் கொடுப்பவருக்கு ஒரு மாணவியின் பிறந்த நாள் எதற்கு? ஆளைப் பற்றி ஒன்றுமே சொல்லாத எண்தான் நல்ல சாவி என்பேன்.

அத்தகைய எண்ணைத் தரவுத்தளமே வழங்கும். கைபேசிகளில் பெரிதும் பயன்படும் எஸ்கியூலைட்டில், சாதாரண அட்டவணையின் ஒவ்வொரு நிரைக்கும் 'ரோ ஐடி' என்ற முழுவெண் தானாகவே கிடைக்கிறது. (ஓரக்கிளிலும் இதே பெயர் உண்டு. அங்கே அது நிரை சேமிக்கப்பட்டுள்ள இடத்தின் முகவரி. நிரை இடம் மாறினால் அதுவும் மாறிவிடும்.) இருக்கும் எண்களில் மிகப் பெரியதோடு ஒன்றைக் கூட்டி அடுத்த நிரைக்குக் கொடுப்பது எஸ்கியூலைட்டின் வழக்கம்.

இங்கேதான் கவனம் வேண்டும். கடைசியாகச் சேர்ந்த மாணவியின் எண் 412. அவர் விலகிப்போக, அவருடைய நிரையை அழித்துவிடுகிறோம். அடுத்து வருபவருக்கும் 412 கிடைக்கும். இரவல் அட்டவணையில் பழைய 412 அழியாமல் கிடந்தால், போனவர் கொடுக்காத நூல் புதியவரின் கணக்கில் ஏறிவிடும். சேர்ந்த அன்றே தண்டப்பணம்!

அட்டவணையை அமைக்கும்போதே முழுவெண் முதன்மைச் சாவியுடன் 'ஆட்டோ இன்கிரிமென்ட்' என்பதையும் சேர்த்துவிட்டால், ஒருமுறை கொடுத்த எண் மறுபடி கொடுக்கப்படாது. இரவல் அட்டவணையில் மாணவியின் எண்ணை அந்நியச் சாவியாக அறிவிக்கவும் வேண்டும். எஸ்கியூலைட்டில் அந்தச் சோதனை வழக்கமாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். நாம்தான் இயக்க வேண்டும். இயக்கிவிட்டால், நூல் பாக்கியுள்ள மாணவியின் நிரையை அழிக்கவே தரவுத்தளம் விடாது.