சிறு மின்னாக்கிகள்: பாதுகாப்பான இயக்கமும் பராமரிப்பும்

மணிப்பூர் மாநிலத்தைச் சேர்ந்த லெய்சாங் கிராமம் 2018 ஏப்ரல் 28 அன்று மின் இணைப்பைப் பெற்றபோது, நாட்டின் கணக்கெடுப்புக் கிராமங்கள் அனைத்திற்கும் மின்சாரம் சென்று சேர்ந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஆயினும் கம்பி வந்து சேர்வது வேறு. அதில் இடையறாது மின்சாரம் ஓடுவது வேறு. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்திய மின்தொகுப்பும், அதனைத் தொடர்ந்து கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் செயலிழந்தபோது கோடிக்கணக்கான மக்கள் இருளில் மூழ்கினர். 2019 மே 3 அன்று ஃபானி புயல் ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தபின், அம்மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. இத்தகைய வேளைகளில் ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம், நிவாரண முகாம் ஆகியவை நம்பியிருப்பது, இருவர் தூக்கிச் செல்லத்தக்க பெட்ரோல் ஜெனரேட்டரையே.

முன்பு மின்சாரமே இல்லாத இடங்களில் இப்பொறி நாள்தோறும் ஓடியது. அதனை ஓட்டியவருக்கு அதன் குணம் தெரிந்திருந்தது. இன்று அது பெரும்பாலும் மூலையில் கிடக்கின்றது. ஆண்டில் சில நாட்கள், அதுவும் மழையிலும் பதற்றத்திலும், பழக்கமில்லாத கைகளால் இயக்கப்படுகின்றது. இப்பொறியினால் நேரும் விபத்துகளில் பலவற்றிற்கும், அது வேண்டிய நேரத்தில் ஓடாமற்போவதற்கும் இதுவே பொதுக் காரணம் எனலாம். எனவே இயக்கத்தையும் பராமரிப்பையும் தனித்தனிப் பாடங்களாகக் கொள்ளாமல் சேர்த்தே நோக்க வேண்டும்.

புகையில் மறைந்திருக்கும் நஞ்சு

ஜெனரேட்டர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மின் அதிர்ச்சி. உண்மையில் அதனினும் அஞ்சத்தக்கது அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு. பெட்ரோல் முழுமையாக எரியாதபோது இது உண்டாகின்றது. நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதும் இல்லை. புகை நாற்றம் வரவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று கருதுவது பெரும் பிழை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் இவ்வாயுவுடன் 200 மடங்கிற்கும் மேலான நாட்டத்துடன் இணைகின்றது. அவ்வாறு இணைந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க இயலாது போவதால், மூளையும் இதயமும் முதலில் பாதிக்கப்படுகின்றன.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். நிவாரண முகாமில் இரவு முழுதும் உழைத்தவர்களுக்கு இவை வருவது இயல்பு என்றோ, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணிவிடுவர். ஓர் அறையில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி தோன்றினால், உணவை ஐயுறுவதற்கு முன் ஜெனரேட்டரை ஐயுற வேண்டும். பாதிக்கப்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொணர்ந்து, ஆக்சிஜன் கிடைக்கும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவப் பணியாளர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: விரலில் பொருத்தும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்நஞ்சேற்றத்தைக் காட்டாது. கார்பன் மோனாக்சைடு இணைந்த ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் இணைந்ததாகவே கணக்கிடுவதால், நோயாளி மயங்கும் நிலையிலும் கருவி இயல்பான எண்ணையே காட்டக்கூடும்.

இவ்வளவும் தெரிந்தவர்கூட ஜெனரேட்டரை உள்ளே வைப்பது ஏன்? காரணங்கள் எளியவை. வெளியே மழை, வெளியே திருட்டு அச்சம், வெளியே வைத்தால் வயர் எட்டுவதில்லை. இவற்றிற்கு முன்கூட்டியே விடை காணாத அலுவலகம், "உள்ளே வைக்காதீர்" என்று சுவரில் எழுதி வைப்பதால் பயனில்லை. கட்டடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தொலைவில், சற்று உயர்த்திய சிமெண்டு மேடை ஒன்று; அதன்மேல் நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை; மேடையில் பதித்த இரும்பு வளையமும் சங்கிலியும் பூட்டும்; வெளியிடங்களுக்குரிய போதிய நீளமும் தடிமனும் உள்ள கேபிள். இவ்வளவு இருந்தால் உள்ளே தூக்கி வரும் எண்ணமே எழாது. இதற்காகும் செலவு ஜெனரேட்டரின் விலையோடு சேர்த்தே மதிப்பீட்டில் காட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து. பொறியை வாங்க ஒப்புதல் வழங்குவோர் மேடைக்கு ஒதுக்க மறந்துவிடுகின்றனர்.

வராந்தா, மாடிப்படியின் அடிப்பகுதி, ஷட்டர் பாதி திறந்த கடை ஆகியவை வெளியிடம் ஆகமாட்டா. ஜன்னலைத் திறந்து வைப்பதும், மின்விசிறியைச் சுழல விடுவதும் போதா. காற்று எதிர்ப்புறம் வீசுகின்றது என்று நம்பி ஜன்னலருகே வைப்பதும் தகாது. புயலின் மையம் கடந்தபின் காற்று நேர் எதிர்த்திசையிலிருந்து வீசத் தொடங்கும் என்பதைக் கடலோர மாவட்டத்தினர் அறிவர். தார்ப்பாயால் பொறியை மூடிப் போர்த்துவது, வெப்பம் வெளியேறாமல் தீப்பற்றுவதற்கு வழி செய்யும்.

மலைப் பகுதிகளில் இச்சிக்கல் இருமடங்காகின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே போன்ற இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளிக்கெனச் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே காற்றுக்குத் தகாத மிகுதியான பெட்ரோலைச் செலுத்துகின்றது. பொறியின் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதோடு, புகையில் கார்பன் மோனாக்சைடும் மிகுகின்றது. குளிருக்கு அஞ்சிக் கதவுகள் அடைக்கப்படும் இடமும் அதுவே. உயரமான பகுதிக்கு அனுப்பப்படும் பொறிக்கு அதற்குரிய ஜெட் பொருத்தித் தருமாறு கொள்முதலின்போதே கேட்டுப் பெற வேண்டும்.

லைன்மேனின் உயிர்

மின்சாரம் நின்றவுடன், இரு முனைகளிலும் பிளக் பொருத்திய வயர் ஒன்றினால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் செருகிக் கட்டடம் முழுவதற்கும் விளக்கேற்றும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சிக்கனமான வழியாகத் தோன்றும் இது கொலைக்கு ஒப்பானது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்கும், அங்கிருந்து மின்மாற்றிக்கும் பாயும். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் அதே மின்மாற்றி, பின்னாலிருந்து 230 வோல்ட் தரப்பட்டால் அதனை ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக உயர்த்தி மேல்நிலைக் கம்பியில் ஏற்றிவிடும்.

சிறிய பொறியால் ஊர் முழுவதன் சுமையைத் தாங்க முடியாது, அது தானே நின்றுவிடும் என்று சிலர் வாதிடுவர். பொதுவாக அது உண்மைதான். ஆனால் புயலுக்குப்பின் கம்பிகள் அறுந்து, பியூஸ்கள் பிடுங்கப்பட்டு, மின்மாற்றியில் சுமையே இல்லாத நிலையில் இவ்வாதம் பொருந்தாது. லைன்மேன் கம்பத்தில் ஏறுவதும் அப்போதுதான்.

இதற்குத் தீர்வு, இருவழி மாற்றுச் சுவிட்சு. ஒருபுறம் தள்ளினால் வாரிய மின்சாரம், மறுபுறம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேர இணைய வழியே இல்லை. அது பேஸ் கம்பியை மட்டுமின்றி நியூட்ரலையும் துண்டிப்பதாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற மின் பணியாளரே இதனைப் பொருத்த வேண்டும். பொறியின் உலோகச் சட்டத்திற்கு எர்த் இணைப்பும், அதன் நியூட்ரலுக்குத் தக்க இணைப்பும் அவராலேயே செய்யப்பட வேண்டும். நியூட்ரல் எங்கும் இணையாமல் மிதக்கும் பொறியில், கசிவு மின்துண்டிப்பான் இருந்தும் அது வேலை செய்யாமற்போகலாம். மாற்றுச் சுவிட்சு பொருத்தும் வரையில், கருவிகளை நேரடியாக ஜெனரேட்டரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்தே இயக்க வேண்டும்.

சுமையைக் கணக்கிடுதல்

பொறியின் பெயர்ப்பலகையில் காணும் எண் பெரும்பாலும் சிறிது நேரமே தரக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது அதனினும் குறைவு. தொடர்ச்சியாக 2.5 கே.வி.ஏ. தரும் பொறி ஒன்றைக் கொள்வோம். திறன் காரணியை 0.8 எனக் கொண்டால் அது 2,000 வாட் தரும். ஒரு சுகாதார நிலையத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் 10, 75 வாட் மின்விசிறிகள் 4, தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு ஏறத்தாழ 200 வாட், கணினிக்கு 150 வாட். ஆக மொத்தம் 740 வாட். இடம் தாராளமாக உள்ளதெனத் தோன்றும். அரைக் குதிரைத்திறன் நீரேற்று மோட்டாரையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,300 வாட் ஆகும், இன்னும் எல்லைக்குள்தான். ஆனால் மோட்டார் புறப்படும் அந்த ஓரிரு வினாடிகளில், ஓடும்போது கொள்வதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றது. அவ்வேளையில் மின்னழுத்தம் வீழ்ந்து, குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் திணறி அதன் சுருள் எரிந்துபோகக்கூடும். 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கப்பட வேண்டிய தடுப்பூசிகளைக் காக்க வந்த பொறியே அவற்றைக் கெடுத்ததாக முடியும்.

ஆகவே ஜெனரேட்டர் சூடேறி நிதானப்பட்டபின், முதலில் மோட்டார், பின்னர் குளிர்பெட்டி, கடைசியாக விளக்குகளும் கணினியும் என்ற வரிசையில் இணைப்பது முறை. 1,500 வாட் கருவித் தூய்மிப்பானை இப்பட்டியலுடன் ஒரே நேரத்தில் இயக்க இயலாது. மின்விசிறிகளையும் கணினியையும் நிறுத்திவிட்டு இயக்கலாம். மின்னழுத்தம் குறைகின்றதென்று வேகக் கட்டுப்பாட்டுத் திருகைத் திருப்பிப் பொறியை விரைவுபடுத்துவோர் உண்டு. நிமிடத்திற்கு 3,000 சுற்று என்பது 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணுக்காக வகுக்கப்பட்டது; அதனை மாற்றினால் இணைத்த கருவிகள் அனைத்தும் பாதிப்புறும்.

எரிபொருள்

ஓடிக்கொண்டிருக்கும் பொறியிலோ, சூடான பொறியிலோ பெட்ரோல் ஊற்றுதல் கூடாது. அணைத்து, கால் மணி நேரமேனும் ஆறவிட்டு, புனல் வைத்து, டாங்கின் விளிம்புவரை நிரப்பாமல் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு படர்ந்து எட்டியிருக்கும் விளக்கையும் அடுப்பையும் சென்றடையும். மணல் வாளியும் உலர் வேதித்தூள் தீயணைப்பானும் அருகிலிருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் நீரை வீசுவது தீயைப் பரப்பும்.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாது உரிமமின்றி ஒருவர் வைத்திருக்கத்தக்க பெட்ரோலின் அளவு 30 லிட்டர். அதுவும் இறுக மூடிய உலோகக் கலத்திலானால் ஒரு கலத்திற்கு 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கான் கலத்திலானால் ஒரு லிட்டருக்கும் மிகாமல் இருத்தல் வேண்டும். குடிநீர் பாட்டிலிலும் பிளாஸ்டிக் குடத்திலும் பெட்ரோல் வாங்கிவரும் வழக்கத்தை அரசு அலுவலகங்களேனும் கைவிட வேண்டும். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையதாதலால், மாதக்கணக்கில் டாங்கில் கிடக்கும் பெட்ரோலில் நீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர்க் குழாய்கள் கெடுவதும் உண்டு. அவசரத்திற்கென வாங்கிவைத்த பெட்ரோலை இரண்டு மூன்று மாதங்களுக்கொருமுறை அலுவலக வாகனத்திற்குப் பயன்படுத்திவிட்டுப் புதிதாக வாங்கி வைப்பது நன்று.

மாதம் ஒருமுறை

இத்தகைய பொறி ஓடிக் கெடுவதைவிட ஓடாமல் கெடுவதே மிகுதி. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் உலர்ந்து பிசினாகி நுண்துளைகளை அடைக்கின்றது. சுருள்களில் ஈரம் ஏறுகின்றது. ஆல்டர்னேட்டரின் மீந்த காந்தத்தன்மை குன்றினால், எஞ்சின் நன்றாக ஓடியும் மின்னழுத்தம் எழுவதில்லை. எனவே மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், ஏறத்தாழ பாதிச் சுமையுடன் ஓட்ட வேண்டும். சுமையின்றிச் சில நிமிடங்கள் உறுமவிட்டு நிறுத்துவது சோதனை ஆகாது. நிறுத்தும்போது முதலில் சுமையை நீக்கி, இரண்டொரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, எரிபொருள் குழாயை மூடி, கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும்படி விடலாம்.

எஞ்சின் ஆயிலின் மட்டத்தை ஒவ்வொரு முறையும், சமதளத்தில் வைத்து, இயக்கும் முன் பார்க்க வேண்டும். புதிய பொறியில் முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் ஏறத்தாழ 100 மணி நேரத்திற்கு ஒருமுறையும் ஆயிலை மாற்றுவது பொதுவான விதி. ஆண்டு முழுதும் அத்தனை மணி நேரம் ஓடாவிடினும் ஆண்டிற்கொருமுறை மாற்றத்தான் வேண்டும். காற்று வடிகட்டியை 50 மணி நேரத்திற்கு ஒருமுறையும், புழுதி மிகுந்த ராஜஸ்தான் போன்ற இடங்களில் இன்னும் அடிக்கடியும் தூய்மை செய்ய வேண்டும். அடைபட்ட வடிகட்டி ஆற்றலைக் குறைப்பதோடு நச்சு வாயுவையும் பெருக்குகின்றது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு கூறினால் அதுவே கொள்ளத்தக்கது.

இவற்றிற்கெனப் பதிவேடு ஒன்று எல்லா அலுவலகங்களிலும் இருக்கின்றது. நான் பார்த்த ஒன்றில் பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒரே மையில், ஒரே நாளில் இட்டதுபோன்ற கையொப்பங்கள் இருந்தன. பொறியை இழுத்துப் பார்த்தபோது கயிறே அறுந்து கையோடு வந்தது. "ஓட்டப்பட்டது" என்று எழுத ஒரு கட்டம் வைத்தால் அவ்வாறுதான் நிகழும். மாறாக, ஓட்டத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், இணைத்த சுமை வாட்டில், வோல்ட்மீட்டர் காட்டிய அளவு, மீதமுள்ள பெட்ரோல் லிட்டரில் எனக் கட்டங்களை அமைத்தால், பொறியை ஓட்டாதவர் அவற்றை நிரப்புவது எளிதன்று. இரண்டு கே.வி.ஏ. அளவிலான பொறி மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் கொள்ளும். ஓடிய நேரத்தையும் செலவான பெட்ரோலையும் ஒப்பிட்டாலே பதிவு மெய்யா பொய்யா என்பதைத் தணிக்கை அலுவலர் கண்டுகொள்ளலாம்.